அறுபத்தாறு அடி

சங்கிலி அறுபத்தாறு அடி.
நூறு கண்ணி.
பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைப் பல்.
முன்தலை என் கையில்,
பின்தலை யூசோப் கையில்.
நடுவில் தொய்யக்கூடாது என்பார் சர்வேயர் தியோ.
தொய்ந்தால்
இல்லாத நிலம் கணக்கில் ஏறிவிடும்.

அறுபத்துமூன்று, செப்டம்பர்.
அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில்
புதுப் படம் மாட்டினார் பொன்னுரங்கம் வாத்தியார்.
கடலுக்கு அப்பாலும் நம் நாடுதானாம்.
ஆணி மூன்றுதான் இருந்தது.
படத்தின் வலது மூலை
சுருண்டு சுருண்டு மேலே வந்தது.
(இரண்டு வருடம் கழித்து
கீழே ஒரு தீவைப் பென்சிலால் அடித்தார்.
எதுவும் சொல்லவில்லை.)

நாடு பெருத்த அதே வாரம்
சுங்கை தெராப் தோட்டம் துண்டானது.
துரை விற்றுவிட்டுக் கப்பலேறினான்.
பத்து ஏக்கர் ஒரு பல் டாக்டருக்கு,
நாற்பது ஏக்கர் டவுனில் மரக்கடை வைத்திருப்பவருக்கு,
ஓடையோரம் யாருக்கென்று இன்னும் தெரியாது.

துண்டு எங்களுக்குப் புதிதா?
தோளில் கிடந்தால் மரியாதை.
துரை வந்தால் இடுப்புக்கு இறங்கும்.
மாதக் கடைசியில் தானாக விழும்.

அப்பா நாகப்பட்டினத்தில் ஏறும்போது
கடன் பதினெட்டு ரூபாய்.
இங்கே இறங்கியபோது முப்பத்தொரு வெள்ளி.
எந்தக் கடல் அதைக் குட்டிபோட வைத்தது என்று
சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்,
கங்காணியிடம் இல்லை,
மரத்திடம்.
காடு விழ விழத் தோட்டம் வளர்ந்தது.
தோட்டம் வளர வளரக் கடன் வளர்ந்தது.
கடன் நின்றிருந்தால்
அடுத்த மரத்தை யார் வெட்டியிருப்பார்கள்?
கிழக்கே ஆற்றைத் தாண்டி
கம்பெனி நட்ட ஒவ்வொரு கல்லுக்கும் அடியில்
எவனோ ஒருவனின் அட்வான்ஸ்.

சாப்பாட்டு நேரத்தில் யூசோப் ஒருநாள் சொன்னான்,
சோற்றைப் பார்த்துக்கொண்டே:
"உன் அப்பா வெட்டியது
எங்கள் டுரியான் தோப்பு."
"வெட்டியதற்குக் கூலியும் வரவில்லை," என்றேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
உப்புமீனை இரண்டாகக் கிள்ளி
பாதியை என் இலையில் வைத்தான்.
சிரிக்கவில்லை.

நான்காம் நாள் கோடு லயத்துக்குள் வந்தது.
ஏழாவது லயம், ஆறாவது கதவு.
என் கதவு.
தியோ கண்ணாடியைத் துடைத்தார்.
நேர்கோடு அவர் குற்றமில்லை.
வள்ளிமயில் குழம்புச் சட்டியை இறக்கினாள்,
நான் ஆப்பை அடித்தேன்.
அடுப்பு நாற்பத்தோராம் துண்டில்.
பாய் நாற்பத்திரண்டில்.
"விறகு எந்த மொதலாளிகிட்ட கேக்கறது?" என்றாள்.
தியோ அதை நோட்டில் எழுதவில்லை.

அவள் அட்டை நீலம். என்னுடையது சிவப்பு.
அவள் இங்கே பிறந்தாள் என்று சொல்ல
ஒரு மருத்துவச்சி உயிரோடு இருந்தாள்.
நானும் இங்கேதான், இதே லயத்தில்.
எனக்குச் சாட்சி கடன் புத்தகம்:
"ஆண் பிள்ளை, ஒன்று. அரிசி, அரைப்படி."
பெயர் இல்லை.
பெயரில்லாத அரைப்படியை
பிரஜை என்று எப்படி எழுதுவது என்று
மாவட்ட ஆபீஸில் கிளார்க் கேட்டான்.
நல்ல பையன். உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.

சாயங்காலம், மேற்கு மூலையில்,
தியோ இழு என்றார்.
நான் இழுத்தேன்.
யூசோப்பும் இழுத்தான், கொஞ்சம் அதிகமாகவே.
நாற்பத்தேழாவது கண்ணி வாய் பிளந்தது.
குறட்டால் நசுக்கி ஒட்டவைத்தார் தியோ.
அன்றிலிருந்து சங்கிலி கால் அங்குலம் நீளம்.
அத்தனை பத்திரத்திலும் அந்தப் பொய் இருக்கிறது,
முத்திரையோடு.

மறுநாள் காலை
ஆப்புக்கும் தூணுக்கும் நடுவே கயிறு கட்டி
வள்ளிமயில் துணி காயப்போட்டிருந்தாள்.
ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லும் தாளும்
அதில்தான் தொங்கியது,
மழையில் நனைந்துவிட்டதால்.

சங்கிலியை மடிப்பது என் வேலை.
ஐம்பதாம் கண்ணியில் பிடித்து
இரண்டிரண்டாகச் சேர்த்து
சாக்குப்பையில் போடவேண்டும்.
சத்தமில்லாமல் மடி என்பார் தியோ.
அது மட்டும் கடைசிவரை
எனக்கு வரவில்லை.